ஏலமலைச் சாரலில் ஏவூர்திகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கொட்டகுடி ஆற்றின் அரவணைப்பில், ஏலத்தின் மணம் கமழ வீற்றிருக்கும் ஊர் போடிநாயக்கனூர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும், மலைக்கு அப்பால் கேரளத்துப் புற்றடியிலும் நடைபெறுகிறது. விடியுமுன்னரே தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஜீப்புகள் மலையேறுகின்றன. பொழுது சாயும் வேளையில் இறங்கி வருகின்றன. இடைப்பட்ட நேரத்தில் அத்தொழிலாளரின் பிள்ளைகள் அடிவாரத்துப் பள்ளிகளில் அமர்ந்து பாடம் படிக்கிறார்கள். இவ்வூர் ஏலக்காய் கிலோ இன்ன விலைக்குப் போயிற்று என்பதை ஊரே அறிந்து வைத்திருக்கிறது. இவ்வூர்ப் பிள்ளைகளின் மனத்தில் எழும் வினாவுக்கு நம் வகுப்பறைகள் கொடுக்கும் விலை யாது? இக்கட்டுரையில் நாம் எழுப்ப விழையும் வினா இதுவே.

தமிழாசிரியர்க்கு அறிவியலில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை உண்டு என்பதே நம் கருத்து. அக்கருத்து நம் உள்ளத்தில் வேரூன்றக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுவோம்.

மனப்பாடமும் மருந்துப் பம்பும்

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்காக, நம் மாணவர்களுடன் போடிக்கு மேற்கே மலைச்சாரலில் உள்ள சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பகலில் வாய்க்கால் தூர்த்தல் பணியும் மரக்கன்று நடுதலும் நடந்தன. மாலையில் ஊர்ப் பிள்ளைகள் பள்ளித் திடலில் கூடினர். நம்முடன் வந்திருந்த இயற்பியல் மாணவர் ஒருவர், "நியூட்டனின் மூன்றாம் விதி யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில், ஓர் எழுத்தும் பிசகாமல், ஒப்புவித்தனர். எடுத்துக்காட்டுக் கேட்டபோதும் ஒரே குரல்தான்: துப்பாக்கி சுடும்போது பின்னோக்கி உதைக்கிறதாம்.

"உங்களில் யாராவது துப்பாக்கியைத் தொட்டதுண்டா?" என்று நாம் வினவினோம். திடல் முழுவதும் சிரிப்பு. தொட்டவர் ஒருவரும் இலர். தொடாத பொருளின் உதையை அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? அறியவில்லை; ஒப்புவித்தனர். அவ்வளவே.

மறுநாள் மாலை அம்மாணவர் ஒரு லிட்டர் குளிர்பானப் புட்டி ஒன்றையும், ரப்பர் தக்கை ஒன்றையும், பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியையும், சைக்கிள் பம்பையும், நீண்ட ரப்பர் குழாயையும் கொண்டுவந்தார். தக்கையின் நடுவே ஊசியைச் செருகினார். புட்டியில் கால் பங்குக்குச் சற்று மேல் நீர் நிரப்பித் தக்கையால் இறுக அடைத்தார். மூன்று செங்கற்களுக்கிடையே புட்டியைத் தலைகீழாக நிறுத்தினார். பிள்ளைகள் அனைவரையும் இருபதடிக்கு அப்பால் நிற்கச் செய்துவிட்டுக் குழாயின் மறுமுனையிலிருந்து பம்பை இயக்கலானார். பத்துப் பன்னிரண்டு முறை அடித்ததும் தக்கை தெறித்தது. நீர் தரையை நோக்கிப் பீறிட்டது. புட்டி பள்ளிக் கூரையைத் தாண்டி எழுந்தது. பம்பு அடித்தவர் தெப்பமாக நனைந்தார். அன்று எழுந்த ஆரவாரத்தில் அடுத்த தெருவினரும் கூடிவிட்டனர்.

ஆரவாரம் அடங்கியபின் ஒரு சிறுமி மெல்லச் சொன்னாள்: "சார், இது எங்கப்பா மருந்தடிக்கிற பம்பு மாதிரியே இருக்கு. அதுல மூடி இறுகலா இருக்கும், மருந்து மட்டும் வெளிய வரும். இதுல மூடி பிடுங்கிக்கிது, புட்டி மேல போயிருது. அம்புட்டுத்தான?"

அம்புட்டுத்தான்! ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கும் பம்பை அச்சிறுமி நாள்தோறும் பார்க்கிறாள். அடிக்க அடிக்கக் கைப்பிடி கனப்பதையும், உள்ளே காற்று இறுகுவதையும், இறுகிய காற்று நீர்மத்தை வெளியே விரட்டுவதையும் அவள் கண்கள் அறியும். 'அழுத்தம்' என்னும் சொல் அவளுடைய பாடநூலில் இருந்தது. அழுத்தம் என்னும் பொருளோ அவளுடைய வீட்டுத் திண்ணையில் இருந்தது. இரண்டையும் இணைத்துக் காட்டுவார் இல்லை. ஒரு வெற்றுப் புட்டி அப்பணியைச் செய்து முடித்தது.

பிள்ளைகள் கண்ட நெறி

அதன்பின் நடந்ததே நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. "தண்ணி இல்லாம வெறும் காத்த அடிச்சா?" என்றான் ஒரு சிறுவன். அடித்துப் பார்த்தனர். புட்டி ஆள் உயரம் குதித்து விழுந்தது. "அப்ப முழுக்கத் தண்ணி ஊத்துனா?" என்றான் மற்றொருவன். ஊற்றிப் பார்த்தனர். புட்டி நீரைக் கக்கிவிட்டுச் செங்கல்மேலேயே சாய்ந்தது. நீர் இல்லாவிடினும் பயனில்லை. நீர் மிகுந்தாலும் பயனில்லை. ஆயின் எவ்வளவு நீர் ஏற்றது?

இங்கேதான் அறிவியல் பிறக்கிறது. சாதாரணக் காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. கனமான நீரைக் காற்று கீழே தள்ளும்போது, அந்நீர் புட்டியை வலுவாக மேலே தள்ளுகிறது. ஆனால் நீர் மிகுந்தால் காற்று அடங்குவதற்கு இடம் குறைகிறது, சுமையும் கூடுகிறது. ஆகவே இடைப்பட்ட ஓர் அளவிலேயே புட்டி மிக உயரம் செல்லும். இதனை நாம் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும், மறந்தும் போயிருக்கும். பிள்ளைகளோ 100, 200, 300, 400, 500 மில்லி என்று அளந்து ஊற்றி, புட்டி எழுந்தது முதல் தரையில் விழும் வரை எண்ணிக்கை சொல்லி, அதனைச் சுண்ணக்கட்டியால் பாறைமேல் எழுதத் தொடங்கினர்.

இரு குழுக்களுக்கிடையே பெரும் பூசல் மூண்டது. ஒரு குழுவினர்க்கு 300 மில்லியில் உயரம் மிகுந்தது. மற்றொரு குழுவினர்க்கு 400 மில்லியில் மிகுந்தது. எது மெய்? சண்டையை விலக்கிவிட நாம் எழுந்தோம். அதற்குள் அச்சிறுமியே கேட்டாள்: "நீங்க எத்தன தடவ பம்பு அடிச்சீங்க?" ஒரு குழு எண்ணி அடித்திருந்தது, மற்றது கைவலிக்கும் வரை அடித்திருந்தது. தக்கையையும் ஒரு குழு அதிகமாக இறுக்கியிருந்தது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஏனையவற்றை மாற்றாமல் வைக்க வேண்டும் என்னும் ஆய்வு நெறியை, எந்நூலையும் படியாமல், ஒரு பூசலின் நடுவே அவர்கள் கண்டுகொண்டனர். ஆய்வு நெறிமுறையை முதுகலை மாணவர்க்கு நாம் பருவம் முழுவதும் கற்பிக்கிறோம். அவர்களுள் எத்தனை பேர் அதனை இவ்வளவு தெளிவாக உணர்ந்திருப்பர் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம்.

வாணம் கடந்து வந்த வழி

ஏவூர்தி நம் மக்களுக்குப் புதியதன்று. திருவிழா வாணத்தை அறியாத சிற்றூர் தமிழகத்தில் இல்லை. சீனத்தில் தோன்றிய இக்கலை அரபு நாடுகளிலும் வளர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அசன் அர்ரம்மா என்பார் வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறைகளையும் வாணங்களின் அமைப்பையும் நூலாக எழுதி வைத்தார். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரில் ஐதரலியின் படையினர் இரும்புக் குழாயால் ஆன வாணங்களை ஏவினர்; ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின; அவர்கள் பெருந்தோல்வி கண்டனர். மைசூர் வாணங்களை ஆராய்ந்தே இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தம் ஏவுகணைகளை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார்.

அறுபதுகளில் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் தீவுக்குச் சென்ற ஓர் இளைஞர், அங்கிருந்த வரவேற்புக் கூடத்தில் திப்புவின் வீரர்கள் வாணம் ஏவும் காட்சி ஓவியமாகத் தொங்கக் கண்டு வியந்தார். அவ்விளைஞரே பின்னாளில் நம் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ஏவூர்தி விண்ணில் பாய்ந்தபோது அப்பணியில் அவரும் இருந்தார். அந்நாளில் தேவாலயம் ஒன்றே பணிமனை. ஏவூர்தியின் உறுப்பைச் சுமந்தது ஒரு சைக்கிள். அன்று சைக்கிள் சுமந்த ஏவூர்தியை இன்று சைக்கிள் பம்பு கொண்டு நம் பிள்ளைகள் ஏவலாம் என்பது எவ்வளவு இனிய பொருத்தம்!

இவ்வரலாற்றைச் சொல்லிப் பெருமைகொள்வதில் நாம் வல்லவர்கள். மேடைதோறும் இப்னு அல்-ஹைதமின் பெயரைச் சொல்கிறோம். 965-இல் பாசுராவில் பிறந்த அப்பெரியார் ஒளி பற்றி முன்னோர் கூறியவற்றை அப்படியே ஏற்காமல், இருட்டறையில் ஒளியைப் புகவிட்டுச் சோதித்துப் பார்த்தவர். அவர் பெயரை மனப்பாடமாக ஒப்புவிப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகுமா? எவர் வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காண வேண்டும் என்னும் வள்ளுவர் நெறியும், வானையும் மண்ணையும் சிந்தித்துப் பார்க்குமாறு பணிக்கும் நம் மார்க்க நெறியும் சோதனையின் வாயிலில் சந்திக்கின்றன. முன்னோர் பெருமை முதலீடாக வேண்டும். வட்டி வாங்கி உண்ணும் சொத்தாகிவிடக் கூடாது.

கலாம் அவர்களின் வாழ்வில் வேறொரு குறிப்பும் உண்டு. இராமேசுவரத்துத் தொடக்கப்பள்ளியில் பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் விளக்கியும் பிள்ளைகளுக்கு விளங்காமற் போகவே, ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார். அந்த மாலையே தம் வாழ்வின் திசையை வகுத்தது என்று கலாம் எழுதியுள்ளார். கடற்கரைக்குச் செலவு என்ன? ஆசிரியரின் மனம் ஒன்றே.

கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டி இளைஞர் ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும் உருவாக்கிய 64 கிராம் எடையுள்ள 'கலாம்சாட்', 2017-ஆம் ஆண்டு சூன் 22-ஆம் நாள் அதே வாலப்ஸ் தீவிலிருந்து ஏவூர்தியில் சென்றது. நாட்டின் பல்வேறு அரசுப் பள்ளி மாணவியர், அவர்களுள் நம் மதுரைத் திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளி மாணவியரும் இணைந்து பணியாற்றிய 'ஆசாதிசாட்' 2022 ஆகத்து 7-இல் சுற்றுப்பாதையை எட்டாமற் போனது. 2023 பிப்ரவரி 10-இல் அதன் அடுத்த செயற்கைக்கோள் வெற்றிகண்டது. தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே ஆறு திங்களே. இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆயினும் விழா நாளில் விண்ணுக்குச் செல்லும் ஒரு கருவியைவிட, வாரந்தோறும் பள்ளித் திடலில் எழுந்து விழும் நூறு புட்டிகளே நாட்டுக்கு மிகுந்த பயன் தரும் என்பது நம் துணிபு. முன்னது சிலரை உயர்த்தும். பின்னது ஊரை உயர்த்தும்.

பொட்டிபுரம் புகட்டும் பாடம்

ஊர் உயர வேண்டியதன் தேவையைப் போடியை விட நன்குணர்ந்த ஊர் வேறொன்றில்லை. போடி மேற்கு மலையில், பொட்டிபுரத்தை ஒட்டி, நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். அதனுள் 50,000 டன் அளவிலான காந்தமேற்றிய இரும்புக் கருவி. மலைக்கும் நீருக்கும் அணைகளுக்கும் கேடு நேருமோ என்று மக்கள் அஞ்சினர், போராடினர், நீதிமன்றங்களை அணுகினர். நியூட்ரினோத் துகள்கள் நம் உடலை நொடிதோறும் கோடானுகோடியாய் ஊடுருவிச் செல்கின்றன, அவற்றால் தீங்கில்லை என்று அறிவியலாளர் விளக்கினர். 2022 பிப்ரவரியில் தமிழக அரசு இத்திட்டத்துக்கு இசைவளிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

திட்டம் வேண்டுமா, வேண்டாவா என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மலையைக் காக்க எழுந்த கவலை மதிக்கத்தக்கது. உலகின் இயல்பை அறிய எழுந்த ஆவலும் மதிக்கத்தக்கதே. நம்மை வருத்துவது வேறு. துகளால் வரும் தீங்கு என்னும் வினாவும், சுரங்கம் தோண்டுவதால் வரும் தீங்கு என்னும் வினாவும் வெவ்வேறானவை. தேநீர்க் கடைப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்து குழம்பின. முன்னதைக் கேட்டவர்க்குக் கதிர்வீச்சு என்னும் சொல் மட்டுமே தெரிந்திருந்தது. பின்னதைக் கேட்டவர்க்கு, எவ்வளவு வெடிமருந்து, எவ்வளவு அதிர்வு, எவ்வளவு நீர் என்று எண்களைக் கேட்டு வாங்கி எடைபோடும் பழக்கம் வாய்க்கவில்லை. ஒன்றை மாற்றி, ஏனையவற்றை மாற்றாமல் வைத்துப் பார் என்று பாறைமேல் எழுதிக் கற்ற தலைமுறை ஒன்று ஊரில் இருந்திருப்பின், எதிர்த்திருந்தாலும் ஏற்றிருந்தாலும், அவ்வூர் அதனை அறிந்து செய்திருக்கும். அறிவியல் வல்லுநரும் ஊராரை எளிதில் கடந்து சென்றிருக்க இயலாது. வினவத் தெரிந்த ஊரை எவராலும் ஏமாற்ற முடியாது. எவராலும் அச்சுறுத்தவும் முடியாது. சிறுவர் சோதனை ஒரு விளையாட்டு மட்டுமன்று என்று நாம் கூறுவதன் காரணம் இதுவே.

சொல்லும் பொருளும்

இனித் தமிழாசிரியரின் பணிக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ராக்கெட்' என்னும் சொல், நூல் சுற்றும் சிறு கதிரைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. வடிவ ஒப்புமையால் அமைந்த பெயர். நம் தமிழிலோ 'கதிர்' என்னும் ஒரு சொல்லே நூற்கும் கருவியையும், நெற்கதிரையும், ஞாயிற்றின் ஒளியையும் குறிக்கிறது. பெயர்கள் எல்லாம் எங்கோ ஒரு கையின் தொழிலிலிருந்து பிறந்தவையே. ஏவூர்தி, உந்துவிசை, எதிர்விசை, அழுத்தம் என நாம் அருமையான கலைச்சொற்களை ஆக்கி வைத்திருக்கிறோம். யுனெசுகோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக இருந்த மணவை முஸ்தபா அவர்கள் கலைச்சொற் களஞ்சியங்களைத் தொகுப்பதையே தம் வாழ்நாள் தவமாகக் கொண்டு 2017-இல் மறைந்தார். தமிழில் அறிவியலைச் சொல்ல முடியும் என்பதை அவர் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்துவிட்டார். தமிழில் அறிவியலைச் செய்ய முடியும் என்பதை மெய்ப்பிக்க வேண்டிய கடன் நம்முடையது.

கையில் பிறவாத சொல் வாயில் நிலைக்காது. மருந்துப் பம்பையும் புட்டியையும் ஒப்பிட்ட அச்சிறுமி 'அழுத்தம்' என்னும் சொல்லை இனி மறப்பாளா? ஆங்கில வழியில் படித்தால்தான் அறிவியல் வரும் என்று நம்பிப் பொருள் விளங்காத இரு மொழிகளில் மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். குற்றம் மொழியில் இல்லை. பொருளைத் தொடாமல் சொல்லை மட்டும் புகட்டும் முறையில் இருக்கிறது.

தடைகளும் விடைகளும்

நம் கருத்தைப் பள்ளி ஒன்றின் பொறுப்பிலிருந்தவரிடம் எடுத்துரைத்தபோது, "இதெல்லாம் தேர்வில் வராதே" என்றார். அவரை நாம் குறைகூற மாட்டோம். தேர்ச்சி விழுக்காட்டுக்கு அவரே விடை சொல்ல வேண்டியவர். ஆனால் மூன்றாம் விதி தேர்வில் வருகிறது; அழுத்தம் வருகிறது; வரைபடம் வருகிறது. ஒரு மாலை நேரச் சோதனை மூன்று பாடங்களைத் தாங்கி நிற்கிறது. தொடுவானில் மரத்தின் உயரம் காணும் கணக்கும் அதில் அடங்கும்: ஏவுமிடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று, கோணமானியில் நூலும் சிறு கல்லும் கட்டிப் பார்க்கும்போது புட்டியின் உச்சி 45 பாகையில் தெரிந்தால், நம் கண்மட்டத்துக்கு மேல் அது எழுந்த உயரமும் 30 மீட்டரே. முக்கோணவியல் பூச்சாண்டியன்று என்பதைப் பிள்ளைகள் அன்றே அறிவர்.

இரண்டாவது தடை அச்சம். இஃது ஒதுக்கத்தக்கதன்று. வெடிமருந்தும் தீக்குச்சி மருந்தும் பிள்ளைகளின் சோதனையில் ஒருபோதும் இடம்பெறக் கூடாது. நீரும் காற்றும் போதும். குளிர்பானப் புட்டியே வேண்டும். குடிநீர்ப் புட்டி மெலிந்தது, கண்ணாடிப் புட்டி கூடவே கூடாது. கீறல் விழுந்ததைப் பயன்படுத்தலாகாது. காற்றேற்றிய புட்டியின் மேல் எவரும் குனியக் கூடாது. தக்கை தெறிக்கவில்லை என்று அருகில் சென்று ஆட்டிப் பார்க்கவும் கூடாது. பம்பு அடிக்கும் எண்ணிக்கைக்கு ஆசிரியர் வரம்பிட வேண்டும். ஏலமலைக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு: ஒப்புமைக்காக மருந்துப் பம்பைச் சொல்லலாம், தோட்டத்து மருந்துப் பம்பையோ மருந்துப் புட்டியையோ பிள்ளைகள் தொடவே கூடாது.

மிகச் சிறு பிள்ளைகளுக்கு ஊதிய பலூனை நூலில் கட்டி ஓடவிடுதல் போதுமானது. உறிஞ்சுகுழலின் மேல் காகிதக் குழலைச் செருகி வாயால் ஊதி ஏவலாம். மூடியுள்ள சிறு டப்பியில் எலுமிச்சைச் சாறும் ஆப்பச் சோடாவும் சேர்த்தால் எழும் வளியே மூடியைத் தெறிக்கவிடும். இவற்றில் எதற்கும் ஆய்வகம் வேண்டுவதில்லை.

மூன்றாவது தடை, பெண்பிள்ளைகள் திடலில் நிற்பதா என்னும் தயக்கம். நம் கண்ட அனுபவத்தில், பூசலைத் தீர்த்த வினா பெண்பிள்ளையின் வாயிலிருந்தே வந்தது. இதற்கு மேல் விடை வேண்டா.

செய்ய வேண்டுவன

பொருளற்றோர்க்கு அறிவியல் என்பது நாட்டில் புதிய சிந்தனையன்று. 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத்தில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் சிற்றூர்ப் பள்ளிகளில் சோதனையையே பாடமாக்கியது. அதில் ஈர்க்கப்பட்ட பொறியாளர் அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' இதழாலும் சிறுவர் அறிவியல் மாநாடுகளாலும் அரும்பணி ஆற்றிவருகிறது. 2022 நவம்பர் 28-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'வானவில் மன்றம்' திட்டம், அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு நடமாடும் சோதனைகளைக் கொண்டு செல்கிறது. கருத்தாளர் வரும் நாளில் சோதனை நிகழ்கிறது, வராத நாள்களில்? அந்த இடைவெளியை நிரப்புவது கல்லூரிகளின் கடமை.

நம் கல்லூரித் தமிழ்த் துறையும் இயற்பியல் துறையும் இணைந்து, ஆண்டுக்கு ஒரு மலையடிவாரப் பள்ளியைத் தத்தெடுக்கலாம். திங்களுக்கு ஒரு மாலை சோதனை நிகழட்டும். இயற்பியல் மாணவர் புட்டியைக் கவனிக்கட்டும். தமிழ் மாணவர் பிள்ளைகளின் வாய்மொழியைக் கவனிக்கட்டும். கண்டதைப் பிள்ளைகள் தம் சொந்தத் தமிழில் எழுத ஒவ்வொருவர்க்கும் ஒரு 'வினா ஏடு' தருவோம். விடையை விட வினாவுக்கே மதிப்பெண் இடுவோம். ஏலத்தைப் பருமனுக்கேற்பப் பிரிக்கும் சல்லடையின் துளை 7 மில்லிமீட்டரா, 8 மில்லிமீட்டரா என்று விரலாலேயே சொல்லும் தாய்மார் இவ்வூரில் உண்டு. அவர்களும் ஒரு நாள் வந்து அளவையைப் பற்றிப் பேசட்டும். கீழே வாங்கிய தின்பண்டப் பொட்டலம் போடிமெட்டில் பூரித்து உப்புவதேன் என்று பேருந்தில் செல்லும் பிள்ளைகள் எழுதட்டும். இம்மலை முழுவதும் ஆய்வகமே, திறப்பார்தாம் வேண்டும்.

ஓராண்டு கழித்து அச்சிற்றூருக்கு மீண்டும் சென்றோம். அச்சிறுமியைத் தேடினோம். காய் எடுக்கும் பருவம். தாயுடன் மலைமேல் போயிருப்பதாகவும், பருவம் முடிந்ததும் பள்ளிக்கு வந்துவிடுவாள் என்றும் சொன்னார்கள். அவளுடைய தம்பி ஓடிப்போய் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினான். பாறைமேல் எழுதிய எண்களை எல்லாம் அவள் அதில் படியெடுத்து வைத்திருந்தாள். நாம் ஊர் திரும்பியபின் தாமே செய்த சோதனைகளின் எண்களும் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு வினா: "இதே புட்டிய போடிமெட்டுல விட்டா இன்னும் ஒசரமா போகுமா?"

நமக்கு விடை தெரியவில்லை. இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டோம். மேலே காற்றின் அடர்த்தி குறைவாதலால் தடையும் குறையும், சிறிது உயரம் கூடவே வேண்டும் என்றார். சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆனால் அந்த வேறுபாடு உங்கள் பிள்ளைகள் அளப்பதில் நேரும் பிழையைவிடப் பெரியதாக இருக்குமா என்பதே கேள்வி, பலமுறை விட்டுச் சராசரி பார்த்தால்தான் தெரியும்" என்றார். ஒரு கல்லூரிப் பேராசிரியரை இருந்த இடத்தில் சிந்திக்க வைத்த வினா, காய் எடுக்கச் சென்ற ஒரு சிறுமியின் குறிப்பேட்டில் ஓராண்டாக மூடிக் கிடந்திருக்கிறது.

இத்தகைய வினாக்கள் எத்தனை குறிப்பேடுகளில் மூடிக் கிடக்கின்றனவோ! அவள் மலையிறங்கி வரும் நாளில் கீழே பத்து முறையும், 17 வளைவுகளைக் கடந்து மேலே பத்து முறையும் அப்புட்டியை ஏவிப் பார்க்க வேண்டும். பம்பும் தக்கையும் அணியமாக இருக்கின்றன. உடன் வர விழையும் மாணவர்கள் துறையில் பெயர் தருக. எண்ணி அடிக்க அவள் சொல்லித் தருவாள்.